விழுந்தது எண்டு எழுதியாச்சு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், சுவிஸில், ஆராவ் நகரத்திலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருந்த சிறிய ஆஸ்பத்திரி ஒன்றின் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாத தமிழ் நோயாளி யாராவது வந்தால் மேல்மாடியிலிருந்து போன் வரும். ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு மொழிபெயர்க்கப் போவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

அன்று முற்பகலில் போன் வந்தது. போய்ப் பார்த்தால், கட்டிலில் இருந்தவள் எங்கள் தெருவில் குடியிருப்பவள். கலியாணமாகி ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கழுத்தில் விரல்கள் பதிந்து நீலம் பாரித்திருந்தது.

"எப்படி நடந்தது என்று கேளுங்கள்" என்றார் டொக்டர், ஒரு இளம் பெண். "யாராவது செய்த காயம் என்றால் நான் பொலிசுக்கு அறிவித்தே ஆகவேண்டும். எங்கள் ஒழுங்கு அது. அதையும் சொல்லிவிடுங்கள்."

எனக்கு உடனே விசா ஞாபகம்தான் வந்தது. அவளுடைய விசா புருசனின் விசாவோடு ஒட்டியது. பொலிசுக்குப் போகும் கடுதாசி எல்லாம் விசாக் கந்தோருக்கும் போய்ச் சேரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த காலம். ஊரிலோ யுத்தம்.

"தங்கச்சி, வாய் திறக்க முந்தி யோசி" என்றேன். "அவர் அடிச்சவர் எண்டு சொன்னியெண்டால் இவ பொலிசுக்கு அறிவிப்பா. பிறகு உன்னையும் பிளேனில ஏத்தி விட்டிடுவாங்கள். சொல்லு, விழுந்தனியோ?"

 அவள் ஏதோ சொல்ல வந்து, கையால் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"ஓம் அக்கா. விழுந்தனான்."

எங்கே விழுந்தாள் என்பதையும் டொக்டரிடம் நானே சொன்னேன்: நிலக்கீழ் சலவையறைக்கு இறங்கும் படியில். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. எங்கள் கட்டடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் உடுப்புத் தோய்க்க ஒரு முறைநாள் உண்டு. இன்று அவளுடைய முறையா என்று டொக்டர் கேட்டால் என்ன செய்வது?

அவர் அதைக் கேட்கவில்லை. "நீங்கள் இவ்வளவு நேரம் பேசினீர்கள். அவர் இரண்டு மூன்று சொல்தானே சொன்னார்?" என்றார்.

"தமிழ் அப்படித்தான்" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு எழுதினார்.

வெளியே அவளுடைய புருசன் நின்றான். நாங்கள் வீடு மாறியபோது எங்கள் பிரிட்ஜை மூன்று மாடி தூக்கி வந்தவன்.

"என்னவாம் அக்கா?"

"விழுந்தது எண்டு எழுதியாச்சு."

"பெரிய உதவி அக்கா" என்றான். கண் கலங்கியிருந்தது. சனிக்கிழமை ஐஸ்கிரீம் டப்பா நிறைய ரோல்ஸ் கொண்டுவந்து தந்தான். பிள்ளைகள் தின்றார்கள். நானும் இரண்டு தின்றேன்.

அதோடு என் நிம்மதி போனது. அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் தட்டுக் கழுவும் மெசினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். சமையலறை போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுவேன். காய்கறி வாங்கப் போனால் அவள் வருகிறாளா என்று கண் தேடும். இரண்டு முறை அவள் வீட்டு வாசல் வரை போய், மணியை அழுத்தாமல் திரும்பிவந்தேன். என்னவரிடம் சொன்னதற்கு, "நல்ல வேலைதானே செய்தனீர், பிறகென்ன யோசினை?" என்றார். அந்தப் பதில் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது.

ஏழு எட்டு வாரம் கழித்து மறுபடி போன். அதே டொக்டர். படிகளில் ஓடினேன். கட்டிலில் அவள்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உயிரோடு இருக்கிறாளே என்று முதலில் மூச்சு வந்தது. அவளை அழைத்துவந்த கீழ்வீட்டுச் சுவிஸ்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி" என்று கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

"நீங்கள் வேண்டாம் அக்கா."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடுதாசித் துண்டை எடுத்தாள். டொச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாசிப்பதுபோல, ஒவ்வொரு எழுத்தாக, டொக்டரைப் பார்த்து வாசித்தாள்.

"மைன் மான் ஷ்லேக்ட் மிஷ். பிட்டே பொலிட்சாய்."

என் புருசன் எனக்கு அடிக்கிறார். தயவுசெய்து பொலிசைக் கூப்பிடுங்கள்.

டொக்டர் போனை எடுத்தார். "நன்றி, நீங்கள் போகலாம்" என்று என்னிடம் சொன்னார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்த நேரத்திலும் என் மனம் அடித்துக்கொண்டது, ஐயோ விசா, ஐயோ விசா என்றுதான். அந்தப் பயத்தை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான். இந்த முறையும் வருவது நான்தான், அதையே சொல்லி வாயை மூடவைப்பேன் என்று தெரிந்துதான் அவள் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.