எழுத்துப் பாறையில் தாளம் தப்பியவன்

தேயிலை விலை சரிந்து கிடந்த ஆண்டுகளில், கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஜீப் சும்மா நின்றது. சிறு தோட்டக்காரர்களின் பச்சை இலையை மூட்டை மூட்டையாக ஏற்றித் தொழிற்சாலையில் இறக்குவது என் கணவரின் தொழில். தொழிற்சாலை இலை வாங்குவதைக் குறைத்ததும், வண்டியை விற்றுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதென்று முடிவு செய்தார். நானோ இங்கே பள்ளியில் தமிழ் கற்பித்துவந்தேன். மாற்றல் கிடைக்க வழியில்லை. மலைமேல் ஒருவர், அடிவாரத்துக்கு அப்பால் ஒருவர் என்று எங்கள் குடித்தனம் இரண்டாகப் பிரியவிருந்தது. வண்டியைப் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய நாள் வந்தது ஒரு சவாரி.

வந்தவர்கள் ஒரு தம்பதி. கணவர் கல்வெட்டுகளைத் தேடிச் சென்று தாளில் மையொற்றிப் படியெடுப்பவர். மனைவி வீணை ஆசிரியை. வெள்ளரிக்கொம்பை என்ற ஊர்ப் பக்கம் எழுத்துப் பாறை என்று ஒன்று உண்டெனக் கேள்விப்பட்டு, எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று கல்வெட்டுக்காரர் என் கணவரிடம் தொலைபேசியில் வினவியிருக்கிறார். இலை ஏற்றப் போன நாள்களில் பாறையைப் பார்த்திருந்த என் கணவர், நிறைய இருப்பதாக உறுதி கூறியிருக்கிறார். பள்ளி விடுமுறையாதலால் நானும் ஏறிக்கொண்டேன்.

வழியெங்கும் கொழுந்து கிள்ளப்படாத தேயிலைச் செடிகள் ஆளுயரம் வளர்ந்து நின்றன. பாதை முடிந்த இடத்தில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தோம். பாறையை அடைந்ததும் கல்வெட்டுக்காரர் பையைத் திறந்து தாள், தூரிகை, மைக்குப்பி எல்லாவற்றையும் பரப்பினார். பாறையை இருமுறை சுற்றிவந்தார்.

"எழுத்து எங்கப்பா?"

"இதானுங்க," என்றார் என் கணவர். செங்காவியில் மனித உருவங்கள் கைகோத்து நின்றன.

"இது படம்."

"அதத்தானுங்க நாங்க எழுத்துங்கறோம்."

படம் பார்க்கவா இத்தனை தொலைவு வந்தேன் என்று அவர் கடிந்துகொண்டார். என் கணவரின் காது சிவந்தது. கடைசிச் சவாரி சண்டையில் முடியப்போகிறதே என்ற பதற்றத்தில் என் தமிழ் வாளாவிருக்கவில்லை.

"ஏனுங்கய்யா, கண்ணுக்கு மை எழுதறோம். அத யாராச்சும் படிச்சுக் காட்டச் சொல்றாங்களா?"

அவர் தம் மைக்குப்பியையே பார்த்தபடி நின்றார்.

எங்கள் வழக்கை வீணை ஆசிரியை காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாறையருகே நின்றவர் அந்த உருவங்களின் ஆட்டத்துக்குத் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் இங்கே வாருங்கள் என்றார். வரிசையில் எல்லோரும் இடக்காலைத் தூக்கியிருப்பதாகத் தெரிந்தது. ஓரத்தில் தனியே நின்ற ஒருவனின் வாயில் ஏதோ நீண்டிருந்தது. குழல் என்றார் அவர்; கம்பு என்றார் அவருடைய கணவர்.

"கம்ப எவன் வாயில வைப்பான்?"

"கரும்பா இருக்கும்."

வீணை ஆசிரியை வரிசையில் ஆளுக்கொரு தட்டாக மறுபடி தாளம் போட்டுக்கொண்டே வந்தார். சட்டென்று கை நின்றது. "மூணாவது ஆளப் பாருங்க. வலது கால் தூக்கியிருக்கான். தாளம் தப்பிட்டான்."

எந்தக் காலத்திலோ நடந்த ஆட்டத்தில் ஒருவன் கால் மாற்றி வைத்ததைக் கண்டவர் யாரோ, அதைத் திருத்தாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார். நாங்கள் நால்வரும் அந்தக் காலை நோக்கி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றோம். என் கணவர் தம்மையறியாமல் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். கல்வெட்டுக்காரர் பாறையைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்து, படியெடுக்கக் கொண்டுவந்த தாளில் அந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் வீணை ஆசிரியை அடுத்த சனிக்கிழமைக்கு வண்டி கேட்டார். தம் மாணவிகளை அழைத்துவர வேண்டுமாம். "எங்கிட்டயும் தாளம் தப்புறவ ஒருத்தி இருக்கா. அவ கட்டாயம் பாக்கணும்."

மறுநாள் மேட்டுப்பாளையத்துக்காரர் வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். என் கணவர் பின்பக்கத்தில் ஒட்டிக் கிடந்த இலைத் தூசியை வாளி வாளியாகக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழம சவாரி இருக்குதுங்க," என்றார், நிமிராமலே.

"ஒரு சவாரிக்கா வண்டிய வெச்சுக்கப் போறீங்க?"

"ஒண்ணு இருக்குதுங்கல்ல," என்று அடுத்த வாளித் தண்ணீரை வீசினார்.