ஜவ்வாது போட்ட சாம்பிள்

சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து கை கழுவிவிட்டு வாருங்கள். இந்த வாரம் விஷயம் அப்படி!

இரண்டு மாதமாக எனக்கு வயிறு சரியில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "எதுக்கும் ஒரு மோஷன் டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார். 'எதுக்கும்' என்றால் எதற்கு? புற்றுநோய்க்குத்தானே! கள்ளிக்குப்பத்தில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை சாம்பிள் பாட்டிலோடு அம்பத்தூர் லேபுக்குப் போனேன். அங்கே டெக்னீஷியன் முனுசாமி — மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும் முன் பாட்டிலில் மூக்கை வைக்கிற மனிதர். முகர்ந்தாலே பாதி வியாதி தெரிந்துவிடுமாம்.

மூடியைத் திறந்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"இன்னா சார் இது... கல்யாண ஊட்டு வாசனை வருது?"

எனக்கும் வந்தது. ஜவ்வாது!

"வாசனைதான் சார் எனக்குப் பாதி ரிப்போர்ட்டு. அத்தப் போயி மறைச்சி எட்தாந்துகீறியே! வேற கொண்டா."

வீட்டுக்கு வந்து மனைவி சரோஜாவிடம் கத்தினேன். அவள் அசரவே இல்லை.

"பத்திரிகையில எழுதற மனுஷன். அதை அப்படியேவா கொண்டுபோய்க் கொடுக்கறது? மானம் போகாதா?"

நம் வழக்கமே இதுதானே? டாக்டர் வருகிறார் என்றால் நோயாளிக்குப் பவுடர் பூசி உட்கார வைப்போம். "எப்படி இருக்கார்?" என்றால் "நல்லா இருக்கார்" என்போம். அப்புறம் டாக்டர் எதற்காம்?

மறுநாள் இன்னொரு பாட்டில். ஜவ்வாது இல்லாமல்... சொந்த மணத்தோடு. முனுசாமி ஒரே ஒரு தடவைதான் முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது வாசனை! நாத்தமும் கீது, எண்ணெய்ப் பிசுக்கும் கீது... பூச்சி மாதிரி தெரியுது. இரு, பாத்துட்றேன்."

மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நிமிரவே இல்லை. நான் வேண்டாத தெய்வம் இல்லை.

"தோ, நீந்திகினு கீது! பூச்சியேதான் சார். டாக்டர் கைல காட்டு, மாத்திரையிலயே பூடும்."

பூச்சி! வெறும் பூச்சி! நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

முனுசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மோந்து பாத்த நானே சும்மா கீறேன்... உன்னுதுதானே சார், நீ இன்னாத்துக்கு மூக்கப் பொத்திக்கினு கீறே?"