சிலாவத்தையா, முல்லைத்தீவா

நேர்த்திக்கடன் வைத்தது என் மனைவி, நடக்க வேண்டியது நான். எங்கள் வீட்டில் பெரும்பாலான காரியங்கள் இப்படித்தான் நடக்கும்.

வயலில் உழவு மெசின் புரண்டு என் மேல் விழுந்தபோது, ஆசுபத்திரி விறாந்தையில் நின்றபடியே வற்றாப்பளைக் கோயில் அம்மாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். "ஆளை எனக்குத் தந்தால் கடற்கரையிலயிருந்து உன்ர வாசலுக்கு வாறம்" என்று. அதன்பிறகு எனக்குக் கட்டில், வீல்செயார், ஊன்றுகோல் என்று காலம் போனது. இந்த வருசம் ஊன்றுகோலை வாழைக்குலைக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தக் கோயிலின் வைகாசிப் பொங்கல் நெருங்க நெருங்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கண்டவர் எல்லோரிடமும் நடக்கப்போகிறேன், நடக்கப்போகிறேன் என்றே சொல்லித் திரிந்தேன்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் இழுபறி. எனக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரை வேண்டும். வற்றாப்பளை கடல்தண்ணீரில் விளக்கு எரிகிற கோயில். அந்தத் தண்ணீரை அள்ளுகிற கரையிலிருந்து புறப்பட்டால்தானே அது நடை! அவளோ முல்லைத்தீவு நகரக் கடற்கரையை விட்டு அசையமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டால், "அதைத்தான் மனசில நினைச்சனான்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது. நடக்கிறவனுக்குத் தொடங்கும் இடத்தைத் தெரிவு செய்கிற உரிமைகூட இல்லையா?

"நேரில போய்ப் பாத்து முடிவெடுப்பம்" என்று ஒரு விடியற்காலை அவளையும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் நெளுக்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன். விபத்துக்குப் பிறகு அவ்வளவு தூரம் நான் ஓட்டுவது அதுதான் முதல்தடவை. மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தியபோது, கடைக்காரர் கேட்காமலே அவருக்கும் நடைக்கதையைச் சொன்னேன். அவள் வடையைப் பிய்த்துக்கொண்டு, "ஊருக்கே சொல்லியாச்சு. இனி அம்மாளுக்குத்தான் சொல்லவேணும்" என்றாள்.

சிலாவத்தையில் கடலைக் கண்டதும் எனக்குச் சின்னப்பிள்ளைப் புத்தி வந்துவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினேன். கால் புதைந்தது. இழுத்து எடுத்தேன். திரும்பவும் புதைந்தது. முழங்காலுக்குள் கம்பி வைத்த இடம் சுள்ளென்றது. ஆனாலும் போய் அலையில் நின்றேன். என்ன சந்தோசம் அது! "இஞ்சயிருந்துதான்!" என்று அங்கிருந்தபடியே கத்தினேன்.

அவள் கடலைப் பார்க்கவேயில்லை. கரையிலிருந்து றோட்டுவரை கிடந்த மணலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மணலுக்குள்ள சரிவராது" என்றாள்.

"நடக்கிறது நான்தானே?"

அவள் போய் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

முல்லைத்தீவுக் கடற்கரைக்கு வந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அங்கே தார் றோட்டு நேராக வந்து மணலில் முடிகிறது. ஒரு குடும்பம் ஐஸ்கிறீம் தின்றுகொண்டிருந்தது. "இவ்வளவு லேசான இடத்திலயிருந்து நடக்கிறதுக்கு ஒரு நேர்த்தியே?" என்றேன், வேண்டுமென்றே சத்தமாக.

அவள் அந்த றோட்டின் விளிம்பில் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் நடப்பியள் எண்டு நான் அண்டைக்கு நினைக்கேல்லை. டொக்டரும் அப்பிடிச் சொல்லேல்லை. உயிரைத்தான் கேட்டனான். வீல்செயாரில வைச்சுத் தள்ளிக்கொண்டு வாறன் எண்டுதான் மனசில நினைச்சனான். மணலுக்குள்ள சில்லு உருளாது. தார் றோட்டு கடல் வரைக்கும் வாற இடம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்டுதான்."

அவள் தொடர்ந்து கதைத்தாள்.

"நீங்கள் கட்டிலில கிடக்கேக்க ஒருக்கா வந்து நடந்தும் பாத்தனான். கோயில் வரைக்கும். எங்க ஏத்தம், எங்க கிடங்கு குழி, எங்க நிழல் எண்டு பாக்க."

"எப்ப?"

"தங்கச்சி வீட்டை போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனே, அண்டைக்கு."

செருப்பறுந்து, காலெல்லாம் புழுதியோடு அவள் வீடு வந்த நாள் அது. தங்கச்சி வீட்டு நாய் துரத்தியதென்று சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னாள். நானும் கட்டிலில் கிடந்து வயிறு நோகச் சிரித்தேன்.

"முழுக்கத் தனியத் தள்ளியிருப்பீரோ?"

"ஓம். வேற ஆர் தள்ளுறது?"

கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. ஐஸ்கிறீம் தின்ற பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள், பார்க்கட்டும்.

"அப்ப இஞ்சயிருந்துதான்" என்றேன். "நீர் முன்னால நடவும். வழி தெரிஞ்ச ஆள் நீர்தானே. நான் பின்னால வாறன்."