பின் சீட்டில் ஆள் இல்லாதபோது

சொந்தமாகக் கார் கட்டும் ஆளைக் கல்யாணம் செய்தால் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வாரம் முழுக்கக் கழக்கூட்டம் ஆபீஸில் மாரடித்துவிட்டு வரும் எனக்கு, அந்த ஒரு காலைத் தூக்கமும் என் வீட்டுக்காரரின் காரோடு போயிற்று.

ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப்போய்ச் சட்டென்று பிரேக் மிதிப்பார். முன்சக்கரம்தான் முதலில் பிடித்து நிற்க வேண்டுமாம். பின்சக்கரம் முந்தினால் வண்டி சுழன்றுவிடுமாம். எது முந்துகிறதென்று பின் சீட்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்து நான் சொல்ல வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கிடும் ஒரு திருகை அவர் கொஞ்சம் திருப்புவார். மறுபடியும் ஓட்டம்.

"மதி சேட்டா, போதும். இடுப்பு ஒடியுது."

"இன்னும் ஒருக்கா, டீ."

ஒருவழியாகச் சரியாயிற்று. அடுத்த ஞாயிறு நான் எழுந்திருக்கவே இல்லை. அவர் தனியாகப் பொன்முடிக்குப் போனார். மலை இறங்கும்போது ஒரு வளைவில் பிரேக் மிதித்ததும் கார் சுழன்று, பள்ளத்தோரச் சுவரில் உரசி நின்றது.

அங்கிருந்தே போன் செய்தார். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பின்னால இருக்கும்போது வச்ச பிரேக்டீ அது. நீ இல்லாம பின்பக்கத்துக்குக் கனமே இல்ல."

சக்கரத்தைப் பார்க்க உட்கார்ந்த நானும் ஒரு பாரம்தான் என்பது அதுவரை இருவருக்குமே தோன்றவில்லை.

பிறகு பின் சீட்டைக் காலியாக விட்டு, வெளியே கேமராவை ஒட்டி, எல்லாவற்றையும் திருத்தினார். "இனி நீ வரண்டாம். தூங்கு" என்றார். மாதக்கணக்காக நான் ஏங்கிய வார்த்தை.

இப்போதெல்லாம் ஞாயிறு முழுக்க எனக்குத்தான். ஆனால் அந்தக் கார் திரும்பி வரும் சத்தம் கேட்ட பிறகுதான் தூக்கம் வருகிறது.