லூஸ் மாவு

எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருக்கிறது. இந்த உலகத்துக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதற்குள் இருப்பதாக ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தமிழ்நாட்டுக்கு வெளியே, ஹிஞ்சேவாடி ஐ.டி. பேட்டையில் வேலை. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஏசிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிறவி. சுற்றுச்சூழல் என்ற சொல்லை வாயில் எடுக்கவே எனக்கு யோக்கியதை கிடையாது.

தூக்கு வந்தது என் மகளால். அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆற்றுப் பாலத்தில் வரும்போது, தண்ணீர் மேல் வெள்ளையாக நுரை மிதந்து போவதைப் பார்த்திருக்கிறாள். ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, நீ லைஃப்ல எது ஒண்ணு விட்டிருக்கே? ஏக் சீஸ், ஒரே ஒரு விஷயம் சொல்லு."

"முடி," என்றேன்.

ஜோக் ஒன்றும் மோசமில்லை. என் மண்டையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எதுவும் வாங்குவதை நிறுத்தினாள். அறுந்த செருப்பை ஒட்டிப் போட்டுக்கொண்டாள். அதுவரை பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஆசைப்படுவதையே நிறுத்திவிட்டாள். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று அவள் அம்மா கேட்டால், "படிச்சு? அதுக்குள்ள எல்லாம் போயிடும்மா" என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

நானும் எதையாவது விடுவது என்று முடிவு செய்தேன். காரை விட முடியாது. ஏசியை விட முடியாது. வாசலில் வந்து விழும் பார்சல்களை விட மனசு வரவில்லை. கழித்துப் பார்த்தால் மிஞ்சியது, இட்லி மாவு வரும் பிளாஸ்டிக் பாக்கெட்.

ஊரின் மறுகோடியில், கேம்ப் என்ற கடைத்தெருவில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய், அப்பளம், மாவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கோடு போய் நின்றேன்.

"லூஸ் மாவு இருக்காக்கா?"

அக்கா தூக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "குடுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் தளும்பத் தளும்ப மாவோடு வந்தார். உள்ளே கிரைண்டர் இருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து கடையில் எனக்கு "லூஸ் மாவு சார்" என்று பெயர். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

மகள் தூக்கைத் திறந்து பார்த்தாள். "பாக்கெட்டே இல்லாம? சச்சி?" என்றாள். நிஜமாகவா என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டி, ஞாயிறுதோறும் ஒரு கோடு போட்டாள். மாவுக்காக ஊரின் அந்தக் கோடிவரை கார் ஓட்டிப் போவதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எல்லா வீட்டிலும் பேசாத விஷயம் ஒன்று இருக்கும்.

போன மாதம் ஒரு ஞாயிறு. அக்கா திரையைத் துவைக்கப் போட்டிருந்தார். உள்ளே கிரைண்டர் இல்லை. ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. அதிலிருந்து இரண்டு மாவு பாக்கெட்டை எடுத்தார். கத்தரிக்கோலால் நறுக்கினார். என் தூக்கில் ஊற்றினார்.

நிமிர்ந்தவர், "பாத்துட்டீயளா?" என்றார். வெட்கமெல்லாம் இல்லை.

"என்னக்கா இது?"

"லூஸ் மாவு இப்ப எங்க சார் இருக்கு? எல்லாம் ஃபேக்டரிலேருந்து பாக்கெட்டாத்தான் வருது. மொத நாளு பாத்திரத்தத் தூக்கிட்டு அவ்வளவு ஆசையா வந்து நின்னீய. இல்லேன்னா மூஞ்சி வாடிருமேன்னுதான்."

"ஒரு வருஷமாவா?"

"ஒரு கரண்டி கொறச்சிருப்பனா? வழிச்சில்லா ஊத்துதேன்."

உண்மைதான். காலி பாக்கெட் இரண்டும் நக்கினதுபோல் சுத்தமாக இருந்தன. நறுக்கின மூலைத் துண்டுகள் தரையில் கிடந்தன. வீட்டுப் பக்கத்திலேயே சும்மா பாக்கெட்டாக வாங்கியிருந்தால் பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும். அக்கா எனக்குப் பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார், மாவைத்தான் வீணாகச் சேர்த்துவிட்டார்.

அன்று வீட்டில் சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஜோக்காகவே ஆரம்பித்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன். ஹாலில் மகள் அம்மாவிடம் லேப்டாப்பைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றி ஏதோ ஒரு படிப்பு. "நாலு வருஷம்தாம்மா," என்றாள். நாலு வருஷம் கழித்து என்று ஒன்று இருப்பதாக அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று. என்னைப் பார்த்ததும் எழுந்துபோய் ஃபிரிட்ஜில் கோடு போட்டாள். நான் செருப்பைக் கழற்றினேன்.

அடுத்த ஞாயிறு அவளும் வந்தாள். கடையில் திரை மறுபடி தொங்கியது. நான் கண்ணைக் காட்டினேன். அக்காவுக்குப் புரிந்தது, தூக்கோடு உள்ளே போனார். கத்தரிக்கோல் சத்தம் கேட்கும் நேரம் பார்த்து இருமினேன். இரண்டு பாக்கெட்டுக்கு இரண்டு இருமல்.

"அப்பா, மாஸ்க் போடு. ஏர் க்வாலிட்டி பாத்தியா?" என்றாள்.

அக்கா தூக்கை நீட்டினார். மகள் அதை இரண்டு கையாலும் வாங்கி, தன் தட்டுத்தடுமாறும் தமிழில் சொன்னாள்.

"அக்கா, எங்க பில்டிங்ல மூணு வீட்டுல நான் பேசிட்டேன். நெக்ஸ்ட் வீக் அவங்களும் டப்பா கொண்டு வருவாங்க. லூஸ் மாவு இருக்கும்ல?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அப்பளக் கட்டுகளைப் பார்த்தேன். அவையும் பிளாஸ்டிக் கவரில்தான் இருந்தன.

"அதுக்கென்னம்மா," என்றார் அக்கா. "அப்பாவுக்கு இருமல் மட்டும் நிக்காமப் பாத்துக்க."