துருவுக்கு உத்தரவாதம் கிடையாது

கோபம் வந்தால் கையில் இருக்கும் திருப்புளியை முதலில் மேசையில் வைத்துவிடுவது கரோலினின் வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டே பேசினால் எதிரில் நிற்பவர்கள் இரண்டடி பின்னால் போய்விடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் ஒரு சந்துக்குள் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். அன்றைக்குக் கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்ததும் திருப்புளியைக் கீழே வைத்தவள், கடை அடைக்கும்வரை அதைத் தொடவில்லை.

பெட்டிக்குள் ஜெனிஷின் கிராபிக்ஸ் கார்டு இருந்தது; கம்ப்யூட்டர் திரையில் படத்தை ஓட்டுவது அதுதான். ஜெனிஷ் அவளுடைய சொந்த ஊரான புன்னைக்காயலைச் சேர்ந்தவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கு நுழைவுச் சீட்டுப் போடும் வேலை. ஓய்வு நாளில் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் ஓட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு பழக்கம் கிடையாது. “இதை வாங்குலே, ஒனக்கு இது போதும்” என்று கரோலின் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்தக் கார்டை வாங்கினான். மூன்று வருஷ உத்தரவாதம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. ஒரு வருஷம் ஆவதற்குள் கார்டு கண்ணை மூடிவிட்டது. காற்றாடி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது.

சாமான் என்றால் கெடத்தான் செய்யும், அதற்குத்தானே உத்தரவாதம் என்று அவள்தான் கம்பெனி சர்வீசுக்கு அனுப்பி வைத்தாள். அவர்கள் பழுதும் பார்க்கவில்லை, மாற்றியும் தரவில்லை. ‘துரு காணப்படுவதால் உத்தரவாதம் செல்லாது’ என்று ஒரு சீட்டை ஒட்டி வந்த வழியே திருப்பிவிட்டிருந்தார்கள்.

துரு எங்கே என்று பார்த்தால், பின்பக்கத் தகட்டில். கார்டைக் கம்ப்யூட்டர் பெட்டியோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்குவதற்காக ஓரத்தில் ஒரு தகடு வைத்திருப்பார்கள். அதற்குள் கரண்டும் ஓடாது, படமும் ஓடாது. அதைக் கழற்றி எறிந்துவிட்டாலும் கார்டு பாட்டுக்கு வேலை செய்யும். அந்தத் தகட்டின் ஓரத்தில் கடுகு சிதறின மாதிரி சில செம்புள்ளிகள். இதற்காக ஒரு மனுஷனின் ஒரு வருஷச் சேமிப்பைக் குப்பை என்று சொல்லிவிட்டார்கள்.

சர்வீசுக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் நல்ல பிள்ளை, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஈரப்பதம் உள்ள இடத்தில் பயன்படுத்தினால் கம்பெனி பொறுப்பாகாது, மேடம்.

“தாமிரபரணி கடல்ல விழுத எடத்துல அவன் வீடு இருக்கு. அங்கன ஈரம் இல்லாம வேற என்னம்மா இருக்கும்?” என்று கரோலின் கேட்டாள். “விக்கும்போது எந்த ஊருன்னு கேட்டியளா? கெட்டுப்போனப்பதான ஊரு ஞாவகத்துக்கு வருது.”

அந்தப் பெண் மறுபடியும் அதையே சொன்னாள்.

ஜெனிஷ் வந்து பார்த்தபோது ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “விடுங்கக்கா. நம்ம ஊர்ல சைக்கிளே துருப்பிடிக்கி. இது எம்மாத்திரம்” என்று சொல்லிவிட்டு, கார்டை அவள் கடையிலேயே வைத்துவிட்டுப் போனான். கடற்கரையில் பிறந்துவிட்டால் எது அரித்துப் போனாலும் விடு என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். அவளும் அப்படிச் சொல்லித்தான் வளர்ந்தவள். அன்றைக்கு அவளால் விட முடியவில்லை.

கரோலினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிப்ளமோ படித்துவிட்டுக் கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தவள். கணவர் கப்பலில் இருக்கிறார்; வருஷத்தில் பாதி நாள் கடலோடு. அவள் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரை மூடினபோது, அங்கிருந்த பழைய கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு கடை தொடங்கினாள். சேரன்மகாதேவியிலிருந்தும் ஆழ்வார்திருநகரியிலிருந்தும் பையன்கள் வருவார்கள். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: இந்தக் காசுக்கு எந்தக் கார்டு நல்லது? நூறு பேருக்கு நூறு தடவை சொல்லி வாய் வலித்ததால் செல்போனை நிறுத்தி வைத்து வீடியோவாகப் பேச ஆரம்பித்தாள். அழகாகப் பேச வராது. ஆனால் அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பெயர் உண்டாயிற்று.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மற்றவர்கள் கார்டைச் சோதிப்பதைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். குளுகுளு அறையில், இருப்பதிலேயே விலை கூடின பிராசசரில் நடுத்தரக் கார்டைச் செருகி, நொடிக்கு எத்தனை பிரேம் ஓடுகிறது என்று பட்டை பட்டையாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். அவ்வளவு விலைக்குப் பிராசசர் வாங்குகிறவன் எதற்கு இந்தக் கார்டை வாங்கப் போகிறான்? கரோலினிடம் ‘ஊர்ப்பெட்டி’ என்று ஒன்று இருக்கிறது. நம் பையன்கள் வீட்டில் என்ன இருக்குமோ அதையெல்லாம் சேர்த்துக் கட்டினது. பழைய மதர்போர்டு, பழைய பிராசசர், சுமாரான பவர் சப்ளை, மேலே ஒரு மின்விசிறி. சித்திரை வெயிலில் கடை ஷட்டரைத் திறந்துபோட்டு அதில் ஓட்டிப் பார்த்தால் கார்டின் வண்டவாளம் தெரிந்துவிடும். சராசரி எண்ணை அவள் நம்பமாட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று படம் திக்குகிறதே, அதைத்தான் பார்ப்பாள்.

ஜெனிஷின் கார்டு திரும்பி வந்த பிறகு அந்தச் சோதனையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. புதுக் கார்டு எது வந்தாலும் அதைப் புன்னைக்காயலில் அம்மா வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டி, கடலைப் பார்த்த ஜன்னலோரம் ஒரு பருவம் ஓடவிட வேண்டியது. அதற்குப் பிறகுதான் வீடியோ. கார்டு வெளிவந்த அன்றைக்கே எல்லாரும் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார்கள். இவள் ஆற அமரச் சொல்லுவாள். ‘துரு அக்கா’ என்று கமெண்டில் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இந்த நேரத்தில்தான் மகாராஜன் வந்தார். ஜெனிஷின் கார்டைச் செய்த கம்பெனியின் சரக்கை நாலு மாவட்டத்துக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சியின் விற்பனை ஆள். முக்கூடல்காரர், சிரித்த முகம். புதிதாக வந்த நடுத்தரக் கார்டு ஒன்றை மேசையில் வைத்தார்.

“மெட்ராஸ்ல பூரா இதத்தான் பேசுதாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னியன்னா நம்ம பக்கமும் ஓடிரும்.”

“ஓடுதான்னு பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

ஊர்ப்பெட்டியில் மாட்டினாள். பழைய போர்டில் பாதி வேகம் போய்விடும் என்று எதிர்பார்த்தாள், போகவில்லை. திக்கவில்லை, சூடு கட்டுக்குள் இருந்தது, கரண்ட்டும் கம்மியாகத்தான் இழுத்தது. பல வருஷமாக இந்த விலையில் இப்படி ஒரு கார்டை அவள் பார்த்ததில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல் அவளுக்கே எரிச்சல் வந்தது.

பிறகு அதைப் பையில் வைத்துக்கொண்டு ஆத்தூர் வழியாகப் பஸ்ஸேறிப் புன்னைக்காயல் போனாள். அம்மா மார்கரெட்டுக்கு அந்த ஜன்னலோரப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. “இரைச்சல் போட்டுக்கிட்டே கெடக்கு. மூடி வச்சா என்னட்டி?” என்று பூ வேலை செய்த மேசைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் போர்த்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிற வீடு பார்வையாக இருக்க வேண்டாமா என்பது அவள் கவலை. கரோலின் எடுக்க, மார்கரெட் போர்த்த, சண்டை ஓயவில்லை. கடைசியில் அதுவும் சோதனையில் சேரட்டும் என்று கரோலின் விட்டுவிட்டாள். ஊரில் எந்த வீட்டில்தான் போர்த்தாமல் வைத்திருக்கிறார்கள்?

வாடைக்காற்று வீசி முடிந்த பிறகு போய்க் கழற்றினாள். கார்டு அத்தனையும் தாங்கியிருந்தது. உப்புக்காற்று, மேசைவிரிப்பு, அடிக்கடி போய்வரும் கரண்ட், எதற்கும் அசையவில்லை. ஊர்ப்பெட்டியில் மாட்டினால் முதல் நாள் ஓடின மாதிரியே ஓடியது. பின்பக்கத் தகட்டில் மட்டும் செம்புள்ளிகள் விழுந்திருந்தன.

மகாராஜன் வந்ததும் அதைத்தான் காட்டினாள். “கார்டு தங்கம் அண்ணாச்சி. ஆனா இது நாளைக்கு மண்டயப் போட்டா, இந்தப் புள்ளியக் காட்டி நீங்க கைய விரிச்சிருவிய. அத எப்படி நான் வாங்கச் சொல்லுவேன்?”

மகாராஜன் குரலைத் தாழ்த்தினார். “ஜெனிஷ் தம்பி விசயம் எனக்குத் தெரியும் மேடம். அத நான் பாத்துக்கிடுதேன். பழைய மாடல் இப்ப இல்ல, இந்தப் புதுக் கார்டே வாங்கித் தாரேன். நீங்க அந்தத் துருப் பேச்ச மட்டும் விட்டுட்டு வீடியோவப் போடுங்க.”

கரோலின் அலமாரிப் பக்கம் திரும்பினாள். அதில் ஜெனிஷின் கார்டு அந்தச் சீட்டோடு உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், அவனுக்குப் புதுக் கார்டு வந்துவிடும். தன் வார்த்தையை நம்பித்தானே அவன் காசைத் தொலைத்தான்? அதை மீட்டுக் கொடுப்பதில் என்ன தப்பு? உள்ளபடியே அவள் மனம் ஆடியது. ஆனால் அவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவனை மாதிரியே கடலோரத்தில் இருக்கும் மற்றப் பையன்களிடம் துணிந்து வாங்கு என்று சொன்னால், அவர்கள் கார்டு திரும்பி வரும்போது யாருடைய வாயை அடைத்து மாற்றித் தருவார்கள்?

அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று மகாராஜன் நினைத்துவிட்டார். உதவி செய்கிற சந்தோஷத்தில் பையைத் திறந்து, ஒரு பொட்டலத்திலிருந்து பளபளவென்று புதுத் தகடு ஒன்றை எடுத்து நீட்டினார். “இத மாட்டிட்டுப் படம் எடுங்க. பாக்க நல்லாருக்கும்.”

கரோலின் தகட்டைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தாள். அதற்குள் கைப்பிடி கைப்பிடியாகத் தகடுகள்.

“இத்தன எதுக்கு அண்ணாச்சி?”

“குடோன் சரக்குக்கு” என்றார் மகாராஜன் சாதாரணமாக. “நம்ம குடோன் துறைமுகத்துப் பக்கம்லா இருக்கு. பெட்டிக்குள்ள இருக்கும்போதே செலதுக்குப் புள்ளி விழுந்துருது. கடைக்கு அனுப்புமுன்ன மாத்திருவோம்.”

கரோலின் திருப்புளியை மேசையில் வைத்தாள்.

“ஒங்க குடோன்ல புள்ளி விழுந்தா தகட்ட மாத்துவிய. எங்க வீட்டுல விழுந்தா கார்டே செல்லாதும்பிய. ஒரே கடல்தான அண்ணாச்சி? ஒரே காத்துதான? இது ஒண்ணுமில்லன்னு ஒங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிக்கிட்டே ஜெனிஷ் கார்டுல சீட்டு ஒட்டியிருக்கிய.”

மகாராஜனின் முகம் சுருங்கிவிட்டது. “நான் ஒட்டல தங்கச்சி. நான் சரக்கு எடுத்துக் குடுக்கவன். எம்பேர எங்கயும் சொல்லிராதிய, வேலைக்கு உலை வச்சிராதிய.”

“ஒங்க பேரு எனக்கு எதுக்கு? இந்த ஒரு தகடு போதும்.”

மறுநாளே வீடியோ போட்டாள். கார்டை வஞ்சகமில்லாமல் புகழ்ந்தாள். நல்லதை நல்லது என்று சொல்லாவிட்டால் மற்றது எப்படி எடுபடும்? பழைய போர்டு வைத்திருப்பவனும் பயப்படாமல் வாங்கலாம், பவர் சப்ளை மாற்ற வேண்டியதில்லை, இந்தக் காசுக்கு இதை அடிக்க ஆளில்லை என்றாள். அதன் பிறகு இரண்டு தகடுகளையும் கேமரா முன் பிடித்தாள். ஒன்று புன்னைக்காயலில் புள்ளி விழுந்தது, மற்றது குடோனில் புள்ளி விழுந்தால் மாற்றுவதற்கு என்று அவர்களே வைத்திருப்பது. ஜெனிஷின் சீட்டையும் காட்டினாள். “வாங்குங்க. ஆனா கடையிலேயே பெட்டியத் திறந்து தகட்டப் பாருங்க. துருப்பிடிச்சா மாத்த இன்னொரு தகடு கேளுங்க. தரமாட்டேன்னா எந்திரிச்சு வந்துருங்க.”

ஏஜென்சி அவள் கடைக்குச் சரக்கு கொடுப்பதை நிறுத்தியது. அவள் தெரிந்த கடை ஒன்றிலிருந்து பஸ் பார்சலில் வரவழைத்துக்கொண்டாள். ஆனால் திருச்செந்தூரிலும் தூத்துக்குடியிலும் பையன்கள் கடைக்குக் கடை “தகடு எங்க அண்ணாச்சி?” என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து அவளுக்கே போன் வந்தது. ஜெனிஷுக்கு இந்த ஒரு தடவை மட்டும் சலுகை அடிப்படையில் மாற்றித் தருகிறார்களாம். சலுகை என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு மறுபடியும் கொதித்தது. கெட்டதை மாற்றிக் கொடுப்பதற்குப் பெயர் சலுகையா?

புதுக் கார்டு சீல் உடையாத பெட்டியில் வந்தது. ஜெனிஷும் வந்திருந்தான். செல்போனைப் படம் பிடிக்க வைத்துவிட்டு அவன் முன்னாலேயே பிரித்தாள். உறையை உருவித் தகட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். திருகாணி ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு செம்புள்ளி இருந்தது.

ஜெனிஷ் விழுந்து விழுந்து சிரித்தான். “விடுங்கக்கா” என்றான். “ஓடுதான்னு பாப்போம்.”

ஊர்ப்பெட்டியில் மாட்டினாள். ஓடியது. கார் ஒரு திக்கல் இல்லாமல் வளைவில் திரும்பியது. அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கார்டைக் கழற்றி, புள்ளி விழுந்த தகட்டை எடுத்துவிட்டு, மகாராஜன் விட்டுப்போன தகட்டை முடுக்கினாள்.

“கார்டு ஒனக்கு. வீட்டுக்குக் கொண்டு போ. இந்தப் புள்ளித் தகடு அவங்களுக்கு.”

பழைய கார்டில் ஒட்டியிருந்த சீட்டைப் பைய உரித்து, புள்ளி விழுந்த தகட்டில் ஒட்டினாள். துரு காணப்படுவதால் உத்தரவாதம் செல்லாது. ஒரு சின்னக் கவரில் போட்டு, கம்பெனி முகவரியை எழுதி, கூரியர்காரன் வருவதற்காக மேசை ஓரத்தில் வைத்துவிட்டுத் திருப்புளியைக் கையில் எடுத்தாள்.