நாற்பத்தெட்டு நாள் யோக்கியன்

குடியை விடுவதில் எனக்கு நிகர் கொடைக்கானல் மலையில் எங்கள் போளூரிலேயே கிடையாது. வருடம் தவறாமல் விட்டிருக்கிறேன். பழனிக்கு மாலை போட்டேனென்றால் நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு உள்ளே போகாது. தைப்பூசத்துக்கு மலையிறங்கி நடந்து போய், சாமி கும்பிட்டு, மாலையைக் கழற்றிய கையோடு அடிவாரத்தில் கூட்டாளிகளுடன் உட்கார்ந்துவிடுவேன். விரதம் முடிந்தால் விருந்து. ஊரில் ஒருத்தரும் இதைத் தப்பென்று சொன்னதில்லை. என் மனைவி மட்டும் சொன்னாள்.

"முருகனுக்குப் பயந்து நாப்பத்தெட்டு நாளு மனுசனா இருக்கீங்க. மிச்ச நாளுக்கு நான் யாரு கால்ல போயி விழுகட்டும்?"

இந்த வருடம் பூசம் முடிந்து நான் வீடு வந்து சேர்ந்த கோலத்தைப் பார்த்தாள். மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் பக்கம் அட்டுவம்பட்டியில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தோட்டத்தில் பூண்டு எடுக்கும் நேரத்தில் வந்துவிடுவாள் என்று மிதப்பாக இருந்தேன். பூண்டுதான் வீடு வந்தது. அப்புறம் அவளிடமிருந்து ஒரு போன் வந்தது. கொடைக்கானலில் குடியை விட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சர்ச் ஹாலில் கூடுகிறார்களாம். நான் அங்கே போனால் மேற்கொண்டு பேசலாம். போகாவிட்டால் வரும் ஜூனிலிருந்து மகளுக்கு அட்டுவம்பட்டியிலேயே ஸ்கூல்.

வெள்ளனே முதல் பஸ்ஸைப் பிடித்தேன். கம்பளிக் குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். கோயில் பூசாரியிடமே ஒயின்ஷாப்புக்கு வழி கேட்டவன் நான். அப்போதெல்லாம் வராத வெட்கம் அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ! பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்ற ஐந்து நிமிடத்தில் ரூம் வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். போதைக் காளான் வேண்டுமா என்று ஒருத்தன் காதோரம் வந்து கேட்டான். குடியை விட வேண்டுமா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஒரு டீக்கடையில் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, இந்தச் சர்ச்சு ஹாலு எங்கிட்டு இருக்கு?"

"கல்யாணமா?"

"ஆமா, தூரத்துச் சொந்தம்."

"இன்னைக்குக் கல்யாணம் ஒண்ணும் இல்லையே. குடியை விடுறவங்க கூட்டந்தான நடக்கு!" என்றவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "அட, அதுக்கா வந்தீங்க? இதுல என்னண்ணே கூச்சம்? எம் மச்சானும் அங்கதான் போறாப்ல. நேரா போயி ரைட்ல திரும்புங்க!"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குல்லா போட்டு என்ன பிரயோசனம்? மானம் டீக்கடையிலேயே போய்விட்டது. இனி ஹாலுக்குப் போவதற்கு என்ன தடை?

உள்ளே ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வெட்டர் போட்ட ஒரு டாக்ஸி டிரைவர்தான் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அனுபவஸ்தன் என்ற முறையில் நான் முதலில் விதியைக் கேட்டேன்.

"எத்தனை நாளைக்குங்க விரதம்?"

"இன்னைக்கு மட்டுந்தான்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்பத்தெட்டு நாள் இருந்தவனுக்கு ஒரு நாள் ஒரு கணக்கா? "அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் இன்னைக்கு மட்டுந்தான்னு சொல்லுவோம்."

"சரிங்க, மாலையைக் கழட்டுற நாளு எப்ப?"

அவர் சிரிக்கவில்லை. "நாங்களும் அந்த நாளைத் தேடித்தான் கெட்டோம். அது கெடையாதுங்க."

இத்தனை வருடமும் நான் இருந்தது விரதமே இல்லை, அடிவாரத்துக்காகக் காத்திருந்ததுதான் என்பது அந்த நாற்காலியில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது. எழுந்து ஓடலாமா என்றுகூட இருந்தது. ஓடினால் ஒயின்ஷாப்பு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அட்டுவம்பட்டிக்கு நடந்தேன். மனைவி வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டாள். உள்ளே டிவி சத்தம் கேட்டது. மகள் எட்டிப் பார்க்கவில்லை.

"எத்தனை நாளைக்கு?" என்றாள்.

"இன்னைக்கு மட்டும்."

அடிக்காத குறையாகத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. "நீங்க மாலை போட்ருக்கையில பாப்பா காலண்டர்ல பென்சில் கோடு போடுவா. பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். எத்தனை நாளு ஆச்சுன்னுதான?"

"நீங்க மறுபடி குடிக்கிறதுக்கு எத்தனை நாளு மிச்சம் இருக்குன்னு."

அந்தக் கோடுகளைக் காட்டி, என் மகளுக்கு எவ்வளவு பக்தி என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். தூ!

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. "நாளைக்கும் வந்து சொல்லுங்க."

"போளூர்லேருந்து பஸ்ஸு எம்புட்டு நேரம்னு ஒனக்குத் தெரியாதா? போன்ல சொல்றேனே."

"போன்ல வாடை தெரியுமா? நேர்ல வாங்க."